என் மகளும் ஈயத் தகடும்

இரும்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தங்கவயலில் ஒரு கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். வெல்டிங் வைத்த இணைப்புகள் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வரும். ஒரு பக்கம் ஃபிலிமை ஒட்டி, மறுபக்கத்திலிருந்து கதிரை விடுவோம். கழுவிய ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தால் உள்ளே விரிசல் ஓடுகிறதா, காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கதிர் விடும் நேரத்தில் சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு, எல்லோரையும் தூர நிறுத்துவோம். எங்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், எங்கள் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று எழுதி அனுப்புவார்கள்.

இந்த வேலை செய்கிறவனுக்கு எக்ஸ்ரே என்றால் பயம் இருக்காது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் மகளுக்கு ஐந்து மாதம் ஆகும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க, இந்தக் காலப் பாருங்க. வலது கால் நல்லா விரியுது. இடது கால் பாதியிலயே நின்னுடுது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். தொடையில் விழும் மடிப்புகள்கூட இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை. இடது தொடையில் ஒரு மடிப்பு கூடுதலாக இருந்தது. வெல்டிங் கோட்டில் அரை மில்லிமீட்டர் பிசகைப் பிடித்துவிடுகிற எனக்கு, ஐந்து மாதமாக மடியில் கிடந்த பிள்ளையின் தொடை கண்ணில் படவில்லை.

மறுநாளே ஆண்டர்சன்பேட்டையில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். அவர் குழந்தையின் முழங்கால்களை மடக்கி மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"வயித்துல தலை மேல இருந்த குழந்தை இல்ல இது?"

"ஆமாங்க. அதனாலதான் ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க" என்றாள் மனைவி.

"அந்த மாதிரிப் பொறந்த புள்ளைங்களுக்கு, அதுவும் பொம்பளப் புள்ளைங்களுக்கு, தொடை எலும்போட உருண்டை இடுப்புக் குழியில சரியா உக்காராம இருக்கலாம். பயப்பட வேணாம், சீக்கிரம் பாத்தா சரி பண்ணிடலாம். சனிக்கிழமை பங்காருபேட்டைக்குக் குழந்தைங்களோட எலும்பு டாக்டர் வர்றார். ரெண்டு இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பாப்பார்."

"இடுப்புலயா?" என்று கேட்டேன்.

"இடுப்புலதான் பிரச்சினை. வேற எங்க எடுக்கறது?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கோ இடித்தது. இந்த வேலைக்கு வரும் முன் நாங்கள் ஒரு பயிற்சி முடித்தாக வேண்டும். அதில் ஒரு நாள் பாடம், கதிரால் உடம்புக்கு வரும் கேடுகளைப் பற்றியது. கதிர் பட்டவருக்கே வருவது ஒரு வகை. அவருக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரக்கூடியது இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு வரி எழுதி மார்க் வாங்கியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது டாக்டரம்மா வீட்டுப் படி இறங்கும்போதுதான் உறைத்தது.

எங்கள் பிரிவில் கதிர்ப் பாதுகாப்பைக் கவனிக்கிற அதிகாரி ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர். டிஃபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?" என்று கேட்டார்.

"பொம்பளப் புள்ள சார்."

டப்பாவை மூடி வைத்தார். "ஒரு சங்கதி சொல்றேன் கேளு. ஆம்பளைக்கு வயசுக்கு வந்தப்புறம் விந்து புதுசு புதுசா உருவாகிகினே இருக்கும். பொம்பளைக்கு அப்படி இல்ல. ஆயுசுக்கும் வேண்டிய கருமுட்டை மொத்தமும் அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாகிடும். பொறக்கும்போது அவ்வளவும் உள்ள கீது. அதுக்கப்புறம் கூடுதலா ஒண்ணும் வராது."

"அப்ப இப்ப என் பொண்ணுக்கு உள்ள..."

"எல்லாம் கீது. அந்த இடுப்புக்குள்ளதான்."

அன்றைக்கு வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பும்போது என் மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகம். என் மகள் உள்ளங்கை அகலமுள்ள இடுப்போடு தொட்டிலில் கிடக்கிறாள். அவளுக்கு என்றைக்கோ பிறக்கப்போகிற பிள்ளையின் பாதி இப்போதே அங்கே இருக்கிறது. அதையே பின்னால் தள்ளிப் பார்த்தேன். என் மகளின் பாதி, என் மனைவி பிறப்பதற்கு முன்பே, என் மாமியாரின் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. அப்போது இங்கே தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலம். மாமனார் ஷிஃப்டுக்குப் போய், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, பூமிக்கடியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய பேத்தியின் பாதி ஏற்கனவே வந்தாகிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த பால் பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

"அப்ப நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இவ கீறாளா?"

"பாதி இருந்தா."

"மீதி?"

"மீதிய நான் அப்புறமாக் கொண்ணாந்தேன்."

சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாள் அதிகாரியிடம் மறுபடியும் போனேன். என் பேட்ஜைக் குழந்தை பக்கத்தில் வைத்து எடுத்தால் எவ்வளவு கதிர் படுகிறது என்று தெரிந்துவிடுமே என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது உன் உடம்புக்கு. அதுல வேற யார் மேல பட்டது ஏறினாலும் உன் பேர்ல தப்பாப் பதிவாகும். வீட்டுக்கு எத்துனு போற சமாச்சாரமே கிடையாது. ஆஸ்பத்திரில கேள்வி கேளு. தாராளமாக் கேளு. ஆனா அவங்க வேலைய அவங்க செய்யட்டும்."

பேட்ஜ் விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்டேன். கடைசி வாக்கியத்தைத்தான் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் கதிரைத் தடுக்க மூன்றே வழி: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் ஈயத்தை வை. முதல் இரண்டும் என் கையில் இல்லை. மூன்றாவது இருந்தது.

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டு ஈயம் கிடைத்தது. ஏதோ கேபிளின் மேலுறையாக இருந்தது. சுரங்கத்துக் கேபிளாகக்கூட இருக்கலாம், கடைக்காரருக்கே தெரியவில்லை. அதைப் பிளந்து, சுத்தியலால் தட்டித் தகடாக்கினேன். செல்போனில் இடுப்பெலும்புப் படம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து வெற்றிலை வடிவத்தில் வெட்டினேன். அடிவயிற்றை மறைக்கும், இரண்டு பக்கத்து மூட்டுகளையும் விட்டுவிடும் என்பது என் கணிப்பு. ஈயம் குழந்தையின் தோலில் படக்கூடாது என்று டேப் சுற்றினேன்.

"இன்னா இது? வீட்லயும் ஃபேக்டரி வெச்சிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள். விவரம் சொன்னதும் குழந்தையின் பழைய ஃபிளானல் துணியில் அதற்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். இப்போது நினைத்தாலும் நல்ல தையல்.

சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் பங்காருபேட்டை போனோம். எக்ஸ்ரே அறையில் இருந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பேத்தமங்களா பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து வேகமாகப் பேசினார். பையிலிருந்து தகட்டை எடுத்து நீட்டினேன். திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் இப்ப நாங்க வைக்கறதில்ல சார். முன்னால வெச்சுகினு இருந்தாங்க. குழந்தைக்கு உள்ள எது எங்க இருக்குன்னு மேலேருந்து கரெக்டா சொல்ல முடியாது. பாக்க வேண்டியதையே மறைச்சிடும்."

"நான் அளந்துதான் வெட்டியிருக்கேன். நானும் எக்ஸ்ரே எடுக்கறவன்தாம்மா."

"ஹௌதா, அப்படியா? எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல. வெல்டிங்குக்கு எடுக்கறோம்."

அவர் சிரிக்கவில்லை. "இரும்பு அசையாது சார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பதினாலு வருஷ அனுபவம் என்றேன், ஈயத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன், பெண் குழந்தையின் கருமுட்டையைப் பற்றி அதிகாரி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் கடைசியில், "சரி, உங்க இஷ்டம். சொல்ப கெட்டியாப் புடிச்சிக்கோங்க" என்றார். கால்களைப் பிடித்துக்கொள்ள ஒருவர் மட்டும் உள்ளே இருக்கலாம். மனைவி வெளியே போனாள். நான் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு குழந்தையின் முழங்கால்களைச் சேர்த்து நீட்டிப் பிடித்தேன். வெற்றிலைத் தகடு அடிவயிற்றில் சரியாக உட்கார்ந்திருந்தது.

மேலே ஏதோ கருவி 'டக்'கென்றது. குழந்தை அதிர்ந்து உடம்பை வில்லாக வளைத்தாள். ஒரு கணம்தான். முழங்கால் என் பிடியில்தான் இருந்தது. இடுப்புக்கு மேலே நடந்தது என் கையில் இல்லை.

கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தது. வலது பக்கம் அழகாக, பளிச்சென்று இருந்தது. இடது மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வெற்றிலை. நான் வெட்டிய ஓரத்தின் நெளிவுகூடத் தெரிந்தது.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவர் காட்டிய மரியாதை. "இன்னொண்ணு எடுக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார். நான் தகட்டை எடுத்து என் பைக்குள் போட்டேன். இரண்டாவது படம், ஒன்றும் வைக்காமல், ஒரே தடவையில் சரியாக வந்தது.

ஒன்றோடு முடிந்திருக்க வேண்டியது. காப்பாற்றுகிறேன் என்று போய் இரண்டாக்கியவன் நான்.

வெளியே வந்து மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு வெச்சீங்க?"

அவள் தைத்த உறை என் பையில் கனத்துக்கொண்டிருந்தது.

எலும்பு டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். திரையில் கோடுகள் இழுத்துக் காட்டினார். இடது பக்கக் குழி ஆழமில்லாமல் இருந்தது. தொடை எலும்பு கொஞ்சம் வெளியே நழுவி நின்றது. பெல்ட் மாதிரி ஒன்றைப் போட்டு, கால்களை மடக்கி விரித்த நிலையில் வைத்திருந்தால் உருண்டை குழிக்குள் உட்கார்ந்து, குழியும் ஆழமாகும் என்றார். ஆறு மாதத்துக்குள் வந்தது நல்லது என்றார்.

"கதிரே இல்லாம ஸ்கேன்ல பாத்திருக்க முடியாதா சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு மாசத்துல வந்திருந்தா அதுதான் பண்ணியிருப்பேன். அப்ப அங்க எல்லாம் குருத்தெலும்பு, ஸ்கேன்ல நல்லாத் தெரியும், எக்ஸ்ரேல தெரியாது. இந்த வயசுல எலும்பு வர ஆரம்பிச்சிடுது. இனிமே எக்ஸ்ரேதான் தெளிவு."

பிறகு, கேட்க நினைத்ததைக் கேட்டேன். "இன்னிக்கு என்னால ரெண்டு படம் ஆயிடுச்சு. இதனால இவளுக்குப் பொறக்கப்போற குழந்தைங்களுக்கு ஏதாவது வருமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரித்து ஒதுக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒதுக்கவில்லை.

"ஈ, எலி இதுகள்மேல நிறையக் கதிர் விட்டுப் பாத்திருக்காங்க. அதுகளோட அடுத்த தலைமுறையில மாற்றம் வந்திருக்கு. மனுஷங்கள்ல அப்படி வந்ததா இதுவரைக்கும் யாரும் தெளிவாக் காட்டல. காட்டலங்கறதால இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். இருந்தா ரொம்பச் சின்னது. மண்ணுலேருந்தும் ஆகாசத்துலேருந்தும் நம்ம எல்லார் மேலயும் சும்மாவே கதிர் பட்டுகிட்டு இருக்கு இல்லையா? ரெண்டு படத்தையும் சேர்த்தாக்கூட அதுல கொஞ்ச நாள் அளவுதான். ஆனா இந்த இடுப்பை இப்படியே விட்டா இவ விந்தி விந்தி நடப்பா. அது சின்னது இல்ல."

"தேவைன்னா எடுக்கணும்" என்றேன், எனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"தேவைன்னா எடுக்கணும். ஒண்ணு எடுக்கணும், அதையும் ஒழுங்கா எடுக்கணும்" என்றார். அந்த 'ஒண்ணு' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

பெல்ட் போட்ட மூன்று மாதமும் வீட்டில் எங்களுக்கு வேறு பேச்சில்லை. தவளை உட்கார்ந்த மாதிரி கால்களை வைத்துக்கொண்டு கிடந்தாள். முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் பெல்ட்டின் வாரைப் பிடித்து வாயில் வைக்கக் கற்றுக்கொண்டாள். எதிர் வீட்டம்மா தினம் வந்து, "இன்னும் எத்தினி நாளு?" என்று கேட்பார். மனைவி பொறுமையாகப் பதில் சொல்வாள். ஒரு நாள் அந்த அம்மாவுக்கு அவளே கருமுட்டை விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "உங்க பொண்ணு பெத்த பேரப்பசங்க பாதி உங்க வயித்துலயே இருந்தாங்கோ, தெரியுமா?" என்றாள். எதிர் வீட்டம்மா, "யாரு சொன்னது?" என்று கேட்க, "இவர்தான், ஃபேக்டரில படிச்சிட்டு வந்தாரு" என்றாள். என்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெல்ட்டைக் கழற்றியதும் ஒரு படம் வேண்டும் என்றார் டாக்டர். "இப்பவே அவசியமா?" என்று கேட்டேன். இப்போது அவசியம், குழி ஆழமாகியிருக்கிறதா என்று தெரியாமல் விட முடியாது என்று காரணம் சொன்னார். சரி என்றேன்.

அதே பெண்தான் இருந்தார். என் கையைப் பார்த்தார். வெறும் கை. "இன்னிக்கு ஒண்ணும் எத்துனு வரலையா சார்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். குழந்தையைப் படுக்க வைத்து மேலே இருந்த விளக்கைப் போட்டார். வயிற்றின்மேல் வெளிச்சம் ஒரு பெரிய சதுரமாக விழுந்தது.

"இங்க பாருங்க. இந்த வெளிச்சம் எங்க விழுதோ அங்கதான் கதிரும் விழும்."

ஒரு குமிழைத் திருகினார். சதுரம் சுருங்கியது. மேல் வயிறு இருட்டானது, முழங்கால் இருட்டானது. இடுப்பை மட்டும் ஒட்டினாற்போல் ஒரு பட்டை நின்றது. நேரத்தையும் குழந்தையின் எடைக்குத் தக்கபடி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"உங்க இரும்புக்கு எவ்வளவு நேரம் விடுவீங்க?" என்று அவர் கேட்டார்.

"கெட்டியான தகடுன்னா சில சமயம் பத்து நிமிஷம்கூட ஆகும்."

"அம்மாடி! இங்க கண் சிமிட்டற நேரம்கூட இல்ல. அதனாலதான் குழந்தை எப்ப சும்மா இருக்கும்னு காத்திருப்போம். எங்களுக்கு அதுதான் வேலையே."

பிறகு அவர் நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பினார். என் மகள் அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்து, அசையாமல், வாயைத் திறந்தபடி கேட்டாள். அந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டார்.

திரையில் இரண்டு பக்கமும் மூட்டு தெரிந்தது. முந்தின படத்தில் இடது தொடை எலும்பின் நுனிக்கு மேல் ஒன்றுமே இருக்கவில்லை, வெறும் கறுப்பு. இப்போது அங்கே உளுந்து அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. எங்கள் ஃபிலிமில் அப்படி ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், வெல்டிங் வைக்கும் டங்ஸ்டன் கம்பியின் முனை உடைந்து உள்ளே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இணைப்பைக் கழித்துவிடுவோம். பழக்க தோஷத்தில் என் விரல் அந்தப் புள்ளிக்குப் போய்விட்டது.

"அது என்னம்மா?"

"எலும்பு சார். புதுசா வருது. இதுதான் வளந்து பெரிய உருண்டையாகும். உக்காந்திருக்கு பாருங்க, குழிக்கு நடுவுல."

எவ்வளவோ ஃபிலிம் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இல்லாமல் இருக்க வேண்டியதைத்தான் தேடியிருக்கிறேன். உள்ளே ஒன்று புதிதாக உருவாவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வரிசையில் அடுத்த ஆள் வந்து நின்ற பிறகும் நான் திரையை விட்டு நகரவில்லை. அந்தப் பெண்தான், "போங்க சார், டாக்டர் கூப்பிடறார்" என்று கிளப்பிவிட்டார்.

என் மகள் பதினைந்தாவது மாதம் நடந்தாள். நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு படம், மூன்று வயதில் ஒரு படம். ஒவ்வொரு தடவையும் எதற்கு என்று கேட்டேன், ஒவ்வொரு தடவையும் டாக்டர் காரணம் சொன்னார். காரணம் தெரிந்த பிறகு கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் வந்ததில்லை. அவள் வளர்ந்து பிள்ளை பெறுவாளா, மாட்டாளா என்பது அவள் இஷ்டம். பெற்றால் அந்தப் பிள்ளைக்கு என் தகட்டால் ஏதாவது நேர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நேர்ந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு இருப்பதற்கு எனக்குக் கொஞ்சம் வருஷம் ஆனது.

இப்போது அவளுக்கு ஏழு வயது. போன மாதம் பங்காருபேட்டைக்கு அழைத்துப் போனோம். கழுத்து வரைக்கும் கேள்வியோடு போனேன். டாக்டர் பழைய படங்களைத் திரையில் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த வருஷம் படம் வேணாம். இவ நடக்கறதப் பாத்தாப் போதும்."

வெளியே நீளமான தாழ்வாரம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வரச் சொன்னார். அவள் இரட்டைச் சடையோடு நடந்துபோனாள். டாக்டர் தரையில் குத்துக்காலிட்டு அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"சரியா கீதுங்களா டாக்டர்?"

"ரொம்பச் சரியா இருக்கு. போதும்."

"இன்னொரு வாட்டி நடக்கறேன், பாருங்க" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் மறுபடியும் கிளம்பிவிட்டாள். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.